வெளிச்சத்துக்கு ஒரு காடி

சாருலதா: மெதுவாச் சொல்லு செல்வி. ரயில் சத்தத்துல பாதி விழலை. எங்கேர்ந்து பேசற?

பொன்செல்வி: வடாலா ஸ்டேஷன்லதான்க்கா நிக்கேன். டாக்டரு ஒத்துக்கிட்டாவ. மொதல்ல அதக் கேட்டுக்கிடுங்க.

சாருலதா: ஒத்துண்டாளா? ஹாஃபிஸா டாக்டரா?

பொன்செல்வி: அவியளேதான். ஜுர சீசன் முடியிற மட்டும் மெஷின் நம்ம வார்டுலயே இருக்கட்டும்னுட்டாவ.

சாருலதா: கட்டுப் போட்ட காலை வச்சுண்டு எழுந்து குதிக்கக்கூட முடியலையேடி. ஆரம்பத்துலேர்ந்து சொல்லு. ஒண்ணும் விடாதே.

பொன்செல்வி: நம்ம செம்பூர் லேப்லேருந்து ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி. கேஷவ் சாரு மெஷினைக் கீழ வைக்கவே மாட்டேன்னுட்டாரு. மடியிலதான். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டிக்கிட்டே வந்தாரு.

சாருலதா: ஹிந்திலயா, தமிழ்லயா?

பொன்செல்வி: டிரைவருக்கும் நம்ம ஊருதான்னு கடைசியிலதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் தமிழ்லதான்.

சாருலதா: நாசமாப் போச்சு. ம்... அப்புறம்?

பொன்செல்வி: வார்டுல ஒரு மேஜை குடுத்தாவ. காய்ச்சக்காரர் ஒருத்தர் விரல்ல குத்தி ஒரு சொட்டு எடுத்தோம். தட்டுல விட்டோம். லேசரு எரியுது, ரத்தம் ஓடுது... ஸ்க்ரீன்ல கோடு மட்டும் படுத்துக் கிடக்கு. மேல எழும்பவே இல்ல.

சாருலதா: சைபர்?

பொன்செல்வி: சைபரு. டாக்டரு என்ன ஏதுன்னு கேட்டாவ. சாரு விளக்குனாரு. இந்தக் கண்ணாடி மாதிரி தட்டுக்குள்ள முடிய விட மெல்லிசா ஒரு வாய்க்கா இருக்கு, ரத்தத்துல உள்ள பிளேட்லெட்டு அதுல ஒண்ணொண்ணாப் போவும், வெளிச்சம் பட்டா மின்னும், அந்த மின்னலத்தான் எண்ணுதோம், வாற வழியில வெளிச்சம் அரை முடி தள்ளிப் போயிட்டு, அவ்வளவுதான்னு சொன்னாரு. டாக்டரு அவர ஏற இறங்கப் பாத்துட்டு, அரை மணி நேரம் தாரேன், மூணு மணிக்கு வேற கம்பெனிக்காரங்க வாராங்கன்னு சொல்லிட்டாவ.

சாருலதா: லேசரைப் பிடிச்சுக்கற என் ஸ்டாண்ட்ல ஆறு ஸ்க்ரூ இருக்கே. திருகினா சரியா வரணுமே.

பொன்செல்வி: திருகுனாரு. இருவது நிமிசம். ஒரு தடவ கோடு எழும்பிச்சு. கைய எடுத்தாரு... படுத்துட்டு. அவரு கண்ணாடியெல்லாம் வேர்வ. பக்கத்துல ஒரு டிராலி போனாக்கூடப் போயிருது. ரெண்டு வருச உழைப்பு இந்த மேஜையோட முடிஞ்சுதுன்னே நெனச்சாராம். அப்புறமாச் சொன்னாரு.

சாருலதா: ஐயோ பாவம்... அப்புறம்?

பொன்செல்வி: அப்புறம் சரியாயிட்டு.

சாருலதா: எப்படி?

பொன்செல்வி: ஆயிட்டுக்கா. நம்ம மெஷினு முப்பத்தெட்டாயிரம்னு காமிச்சுது. அவிய பெரிய மெஷினு நாப்பத்தோராயிரம். அடுத்த ஆளு, அதுக்கடுத்த ஆளு... மூணும் கிட்டக் கிட்ட வந்துட்டு. டாக்டரு சிரிக்கவெல்லாம் இல்ல. ரெண்டாவது மெஷினு எப்ப வரும்னு மட்டும் கேட்டாவ.

சாருலதா: அது இருக்கட்டும். படுத்த கோடு எப்படி எழுந்துண்டுது?

பொன்செல்வி: சாருதான்... தட்ட மாத்திப் போட்டாரு.

சாருலதா: எந்தத் தட்டு?

பொன்செல்வி: பையில ஒண்ணு கூடக் கிடந்துச்சு.

சாருலதா: தானாவா வந்து கிடந்துது? யார் வார்த்த தட்டு?

பொன்செல்வி: அக்கா, வண்டி வருது... நான் அப்புறம்...

சாருலதா: வரட்டும், போகட்டும். அடுத்த வண்டில ஏறிக்கலாம். சொல்லு.

பொன்செல்வி: இங்க வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைக்கா.

சாருலதா: சரி, நான் சொல்றேன். அந்தத் தட்டுல வாய்க்காலுக்குப் பக்கத்துலயே ஒரு காடி, நீளமா ஒரு குழி மாதிரி, இருந்துது. லேசர் வெளிச்சம் வர்ற கண்ணாடி இழையை அந்தக் காடிக்குள்ள சொருகினா, நுனி நேரா வாய்க்கால் ஓரத்துல போய் நின்னுடும். எதிர்ப்பக்கம் இன்னொரு காடி, வெளிச்சத்தைப் பிடிக்கற இழைக்கு. ரெண்டு காடியும் வாய்க்காலும் ஒரே அச்சுல வார்த்தது. அதனால தட்டை எங்க கொண்டுபோனாலும், எவ்வளவு குலுக்கினாலும் தள்ளிப்போகாது. ஸ்க்ரூ வேண்டாம். ஸ்டாண்டே வேண்டாம்.

பொன்செல்வி: யாரு சொன்னா?

சாருலதா: கேஷவ்தான். உனக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போன் பண்ணிட்டான். இழை காடில ஏறலைன்னு அவன் முழிச்சப்போ, ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு நீதான் உள்ள வழுக்கி விட்டயாம். நாலே நிமிஷமாம்.

பொன்செல்வி: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நேரம் என்ன ஆட வச்சியளா?

சாருலதா: நீயே சொல்லுவேன்னு பாத்தேன். ஏண்டி மறைச்ச?

பொன்செல்வி: லேப் சாமானத்தக் கேக்காம எடுத்தேன்லா. சனிக்கிழமை மத்தியானத்துல எல்லாம் வார்த்தேன். ஒம்பது தட்டு வீணாப் போச்சு.

சாருலதா: அது இல்லை. நெஜத்தைச் சொல்லு.

பொன்செல்வி: அந்த ஸ்டாண்டு ஒங்களது. ரெண்டு வருசம் ஒவ்வொரு ஸ்க்ரூவா யோசிச்சு ஒக்காந்து செஞ்சிய. கால ஒடச்சுக்கிட்டு வீட்டுல கிடக்குத ஆளுக்கு போன் போட்டு, ஒங்க ஸ்டாண்ட எடுத்து ஓரமா வச்சிட்டோம்னு நான் எப்படிச் சொல்லுவேன்?

சாருலதா: பைத்தியம். கேஷவ் சொன்னப்போ ஒரு நிமிஷம் வயிறு எரிஞ்சுதுதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் மூணு சாம்பிளும் சேர்ந்துதுன்னான் பாரு... மாட்டுங்காவுக்கே கேக்கற மாதிரி கத்தினேன். பக்கத்து ஆத்து ஷ்யாமளா ஓடி வந்துட்டா, நான் மறுபடி விழுந்துட்டேனாக்கும்னு.

பொன்செல்வி: நெசமாவே கோவம் இல்லையா?

சாருலதா: கோவப்பட எனக்கு என்ன யோக்கியதை? காப்புரிமை விண்ணப்பம் எழுத ஆரம்பிச்சுட்டேன். உன் பேர்தான் முதல்ல. அப்பா பேரோட சேத்து முழுப்பேர் சொல்லு.

பொன்செல்வி: பொன்செல்வி சுயம்பு... அக்கா, வேண்டாம். ஒங்க பேர மொதல்ல போடுங்க.

சாருலதா: முடியாது. ஏன்னு கேளு. மார்ச் மாசம் இதே காடியைத்தான் நீ வரைஞ்சு எங்கிட்ட கொண்டுவந்து குடுத்த. எல்லார் முன்னாடியும், 'பாத்தேன், இதெல்லாம் நடக்காது'ன்னு சொன்னேன். செல்வி... நான் அதைப் பிரிச்சே பாக்கலைடி. அன்னிக்கு என் ஸ்டாண்ட் வேலை செய்யாத எரிச்சல். பாக்காமயே சொன்னேன். ஆறு மாசமா இதை யார்கிட்டயும் சொல்லலை. கேக்கறயா? லைன்ல இருக்கயா?

பொன்செல்வி: இருக்கேன்க்கா. அது எனக்கு அன்னைக்கே தெரியும். சாயங்காலம் ஒங்க மேஜையிலேருந்து அந்தக் காயிதத்தத் திருப்பி எடுத்தேன். மடிச்சு நான் அடிச்ச பின்னு பிரிக்காம அப்படியே இருந்துச்சு. அதுலதான் தைரியமே வந்துச்சு. நீங்க மட்டும் அதப் பாத்துட்டு நடக்காதுன்னு சொல்லியிருந்தா... அன்னைக்கே கிழிச்சுப் போட்டிருப்பேன்.