சாலு

உங்கள் ஏட்டு டீ கிளாஸை அடியில் பிடித்துக் கொடுத்தார். பாராட்டவேண்டிய விஷயம், சார். மூக்கண்டப்பள்ளியில் நான் குடியேறிய நாளிலிருந்து, விளிம்பில் விரல் படாமல் ஒரு கிளாஸ் என் கைக்கு வந்ததாக ஞாபகமில்லை. சிலர் கட்டைவிரலை டீக்குள்ளேயே முக்கிக் கொண்டுவருவார்கள். நாம் குடிப்பது டீயா, விரல் கஷாயமா என்று தெரியாது.

முதலில் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ரத்தினவேல். 'த்' உண்டு, விட்டுவிடாதீர்கள். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். கூட ஓய்வு பெற்றவர்கள் வாக்கிங் போனார்கள். நான் ஒரு சமையல்கட்டு கட்டினேன்.

சமையல்கட்டு என்பது நான் எழுதிய மென்பொருளின் பெயர். ஹோட்டலில் நீங்கள் பார்ப்பது இலையும் சாம்பார் வாளியும்தான். அடுப்பும் சரக்கு அறையும் உள்ளே இருக்கும். வெப்சைட்டுக்கும் அப்படி ஓர் உள்கட்டு உண்டு, பேக்-எண்ட் என்பார்கள். ஒவ்வொருவரும் அடுப்பிலிருந்து கட்டிக்கொண்டிருக்க முடியாது அல்லவா. அதனால் சிலர் ஆயத்தமாக ஒரு கட்டு எழுதி, அதன் நிரலோடு இணையத்தில் போட்டுவிடுவார்கள். ஃப்ரேம்வொர்க், ஓப்பன் சோர்ஸ் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், காசு வேண்டாம். நானும் போட்டேன். நாட்டில் பாதி இன்டர்நெட் என் அடுப்பில்தான் வேகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். இறக்கிக்கொண்டவர்கள் ஐம்பது பேர் இருக்கும். அதில் பாதி நானேதான், சரியாக இறங்குகிறதா என்று பார்க்க.

காசு கேட்கவில்லையே தவிர, ஒன்று கேட்டிருந்தேன். பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், 'கட்டு: ரத்தினவேல்' என்று ஒரு வரி இருக்கட்டும் என்று. எடுத்ததற்குப் பெயர் சொல்வதுதான் மரியாதை.

உங்கள் கேஸில் இருக்கிற அந்த ரப்பர் கம்பெனியில் எந்த மிஷின் ஓடுகிறது, எது நிற்கிறது என்று போனில் காட்டும் ஒரு வெப் அப்ளிகேஷனை சத்யப்ரியா என்கிற பெண் எழுதினாள். சேலத்துப் பக்கம். கெட்டிக்காரி, மறுக்கமாட்டேன். என் கட்டின் மேல்தான் எழுதினாள். எழுதி முடித்ததும் என் வரியை எடுத்துவிட்டு அங்கே தன் பெயரைப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு இதைக் காட்டியவன் முனிராஜ். என் வீட்டின் பின்போர்ஷனில் குடியிருப்பவன். உத்தனப்பள்ளியில் ரோஜாத் தோட்டத்தில் கூலிக்கு இருந்துவிட்டு, அந்தக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆளாகச் சேர்ந்திருந்தான். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். பன்னை டீயில் முக்குவான், அது பாதி வழியில் ஒடிந்து உள்ளே விழும், விழுந்ததை விரலை விட்டுத் தோண்டித் தின்பான். அதே விரலால்தான் போனைத் தள்ளித் தள்ளி எனக்குப் படம் காட்டினான். அப்ளிகேஷன் வெளியிட்ட அன்று கேக் வெட்டியிருக்கிறார்கள். ஒருவர் மூஞ்சியில் ஒருவர் க்ரீமைப் பூசி, வழித்து, நக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சத்யப்ரியா.

"இந்தம்மாதாங்க சார் மொத்தமும் பண்ணுச்சு. ஒண்டியா," என்றான் முனிராஜ்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் க்ரீமை நினைத்துத்தான்.

என் கட்டில் மொழிக்கோப்பு என்று ஒன்று உண்டு. மிஷின் 'ரன்னிங்' என்று சொன்னால் திரையில் தமிழில் என்ன வரவேண்டும் என்பது அதில் இருக்கும். 'ஓடுகிறது' என்று வைத்திருந்தேன். அதை 'சாலு' என்று மாற்றிப் புதுப்பதிப்பு விட்டேன். தப்பில்லை, சார். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் கேளுங்கள். கன்னடக்காரர் 'மிஷின் சாலு' என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்திக்காரருக்கும் அதுதான். தெலுங்கில் மட்டும் சாலு என்றால் போதும், நிறுத்து. நம் ஊரில் எல்லாவற்றையும் கலந்துதான் பேசுகிறோம். வாயால் சொன்னால் எந்த சாலு என்று குரல் காட்டிக்கொடுத்துவிடும். திரைக்குக் குரல் கிடையாது.

நான் யார் கையையும் மனதில் வைத்து மாற்றவில்லை. நாலு பேர் குழம்பட்டும், ஒருநாள் உற்பத்தி கெடட்டும், அவள் மேனேஜர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கட்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அவள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். தன் பிரதியில் 'ஓடுகிறது' என்று திருத்தியும்விட்டாள். ஆனால் நான் அடுத்த பதிப்பு விட்டால், அதைப் போடும்போது அந்தத் திருத்தம் அழிந்துபோகும். ஆகவே மூலத்திலேயே மாற்றச் சொல்லி என் வீடு தேடி வந்தாள், மைசூர்பாகு டப்பாவோடு. டப்பா மூடியில் நெய் கசிந்து, அவளுடைய விரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. வாசல் ஓரமாக வைக்கச் சொன்னேன்.

"ஐயா, அந்த ஒரு வார்த்தைய மட்டும் பழையபடி வச்சிருங்க. தெலுங்குக்காரங்க நெறைய பேரு இருக்காங்க. ஸ்க்ராப் அரைக்கற மிஷினு மூடியே இருக்கும், பிளேடு சுத்தறது வெளிய தெரியாது. ஷெட்டு சத்தத்துல காதும் கேக்காது. போனப் பாத்துட்டுத்தான் கைய உள்ள வுடறாங்க."

"கையையா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கய்யா. கரண்ட நிறுத்தி லாக் போட்டுட்டுதான் தொறக்கணும்னு ரூலு. யாரு போடறாங்க."

நான் கொஞ்சநேரம் அந்த நெய் ரேகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, அடியில் என் பெயரைக் காணோமே என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"போன்ல எடம் பத்தலீங்கய்யா," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், சார். "அடுத்த வாட்டி போட்டுடறேன்."

"சரிம்மா. மாத்தி வுட்டுடறேன், நீ போ," என்றேன். நிம்மதியாகப் போனாள்.

மறுநாள் காலை புதுப்பதிப்பு விட்டேன். 'பாதுகாப்புத் திருத்தம், உடனே போடவும்' என்று தலைப்பில் எழுதினேன். உள்ளே ஒன்றையும் திருத்தவில்லை. சாலு சாலுவாகவே இருந்தது. யார் வேண்டுமானாலும் திறந்து படித்திருக்கலாம், ஓப்பன் சோர்ஸ் என்றால் அதுதானே. அவள் படிக்கவில்லை. பெரிய மனுஷன் வாக்குக் கொடுத்திருக்கிறான் என்று அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவளுடைய 'ஓடுகிறது' அழிந்தது. எனக்கு ஆகவே ஆகாதவர்கள் இவர்கள்தான், சார், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விழுங்குகிறவர்கள். டீக்குள் கிடக்கும் விரலையும் விழுங்குவார்கள்.

மதிய ஷிஃப்ட்டில் அரவை மிஷினில் ஒரு துண்டு சிக்கியது. எடுக்கப்போனவன் முனிராஜ். போனைப் பார்த்தான். சாலு என்று இருந்தது. மூடியைத் திறந்து வலது கையை விட்டான். முழங்கைக்கு மேலே வரைக்கும் போய்விட்டது.

அவனுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியுமா என்றுதானே கேட்கிறீர்கள். எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான். அவன் பெண்டாட்டி முனிலட்சுமி சோறு போடப் போட, தட்டின் மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டு 'சாலு, சாலு' என்பான். தினமும் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சொல்லே அப்படித்தான் கிடைத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். இன்னமும் கேட்கிறது. இப்போது அவள் ஊட்டுகிறாள். மறைத்துப் பழகிய கை இல்லாததால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறான். சோறு கன்னத்தில் வழிந்து சட்டையில் விழுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. பின்பக்க ஜன்னலைச் சாத்தி வைத்துவிட்டேன்.

அதற்காக என்னை நன்றி கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். மொழிக்கோப்பில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே 'நன்றி: முனிராஜ்' என்று போட்டிருக்கிறேன். சொல்லை மாற்றிய அன்றே போட்டேன். உங்கள் சைபர் ஆட்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தவனிடம் எடுத்துவிட்டுப் பெயரை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

யாரும் கூப்பிடாமல் நானாக ஏன் வந்தேன் என்ற கேள்விக்கு மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள். காலையில் பேப்பர் பார்த்தேன். கம்பெனி கைகாட்டியிருக்கிறது, நீங்கள் சத்யப்ரியாவைக் கைது செய்திருக்கிறீர்கள். படம் போட்டு, மொத்தமும் அந்தப் பெண் பண்ணிய காரியம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒண்டியாக. முதல் பக்கத்தில் அவ்வளவு இடம் இருந்தும், என் பெயர் எறும்பு அளவுக்குக்கூட எங்கும் இல்லை.

அவள் பெயரை அடித்துவிடுங்கள், சார். ரத்தினவேல். 'த்' உண்டு.