நகராத படகு

எண்ணெய்த் தலையில் எதுவும் ஒட்டாது. தலையில் கம்பி ஒட்டிச் செய்கிற இந்த மூளைப் பயிற்சியை வீட்டில் செய்கிற பலருக்கு இது தெரிவதில்லை. மெஷினைக் குறை சொல்வார்கள். முதலில் தலைக்குக் குளிக்க வேண்டும். கண்டிஷனர் போடக் கூடாது. முடி வேர்வரை காய வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் பெண்களுக்கு முடி வெட்டிவிடுகிறவள், வீட்டு முன்னறைதான் கடை. ஒரு தலையைத் தொட்டாலே அது நேற்று தூங்கிய தலையா, அழுத தலையா என்று சொல்லிவிடுவேன்.

என் தங்கையின் தலை அவள் பிறந்ததிலிருந்து எனக்குப் பழக்கம். அவளைப் பெற்றுக் கொடுத்துவிட்டு அம்மா போய்விட்டாள்; அப்பா இருந்தும் இல்லாத மாதிரிதான். நான் வளர்த்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவளைப் பார்த்துவிட்டு டீயை மட்டும் குடித்துப் போனார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவளுக்கு நானே மாப்பிள்ளை பார்த்தேன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், பதறாத மனிதர். அவர்மேல் ஒரு குறையும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கல்யாணமாகிப் போன பிறகு வீடு வீடாகத்தான் இருந்தது. ஒரு ஆளுக்குச் சமைப்பதுதான் கைவரவில்லை. எப்படி அளந்து போட்டாலும் மிஞ்சும்.

அவளுக்குக் குழந்தை பிறந்து, அது உட்காரத் தொடங்கிய சமயம், ஸ்கூட்டரில் போய் ஈர ரோட்டில் சறுக்கி விழுந்தாள். வெளியே பெரிய காயமில்லை, தலைக்குள்தான் அடி. ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் மறந்துவிடுவாள். ஒருநாள் குழந்தையைத் தொட்டியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள், பெல் அடித்ததும் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அப்படியே ஹாலில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துவிட்டாள். வந்தது மாப்பிள்ளை. "பாப்பா எங்கே?" என்று அவர் கேட்டதால் குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து பெற்ற பிள்ளையைத் தொடவே அவள் பயந்தாள். ஓய்வும் இந்தப் பயிற்சியும் வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். குழந்தை மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்குப் போனது. இவள் என்னிடம் வந்தாள்.

சாதனம் சின்னதுதான். கம்பி முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம், அது உச்சந்தலைக்கு. ஒவ்வொரு காதுக்கும் ஒரு கிளிப், அதற்குள்ளும் அதே மாதிரிக் கிண்ணம். வகிடு எடுத்து, நறநறவென்று இருக்கிற ஒரு கிரீமால் அந்த இடத்தைத் தேய்த்துத் துடைத்து, கிண்ணத்தில் பசையை நிரப்பி அமுக்க வேண்டும். திரையில் ஓர் ஏரி, அதில் ஒரு படகு. மனம் ஒருநிலைப்பட்டால் படகு நகரும். சிதறினால் நிற்கும். "என் தலையெழுத்த டிவில போட்டுக் காட்டுறாங்க அக்கா" என்று முதல்நாள் சிரித்தாள்.

மாட்டுவதைவிடக் கழுவுவதுதான் முக்கியம். பசை காய்ந்து படிந்துவிட்டால் மூளையிலிருந்து வருவது சரியாக வராது, இரைச்சல்தான் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, குழந்தைகள் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் வெள்ளிப் பூச்சு போய்விடும். நான் சுரண்டியதே இல்லை.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அவளுக்குத் தேறிக்கொண்டு வந்தது. படகு கரைவரை போக ஆரம்பித்தது. அடுப்பை நினைவாக அணைத்தாள். கடைக்கு வருகிறவர்களின் பெயர்களை நான் மறந்தால் அவள் எடுத்துக்கொடுத்தாள். ஒருநாள் பார்த்தால், அலமாரியிலிருந்து தன் துணிகளை எடுத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "வர்ற வாரம் அவர் வந்ததும் கிளம்பிடுறேன்க்கா. உனக்கும் எத்தனை நாள்தான் பாரமா இருக்கிறது."

பாரம் என்று நான் சொன்னதில்லை.

மறுநாள் கடையில் கல்யாணப் பெண் ஒருத்தி தோழிகளோடு வந்திருந்தாள். அந்த அவசரத்தில் இடது காதுக் கிளிப்பைக் கழுவ மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்தேன். சாயங்காலம் பயிற்சியில் படகு அசையவில்லை. அவள் மூச்சை இழுத்துவிட்டாள், கண்ணை மூடித் திறந்தாள், முதுகை நிமிர்த்தினாள். படகு நின்ற இடத்திலேயே நின்றது. கடைசியில் கம்பியோடு என் மடியில் தலையை வைத்து அழுதாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் படுப்பாள். பிறகு எழுந்து போய்ப் பையிலிருந்த துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

கழுவும்போதுதான் கிளிப்பில் பசை காய்ந்திருந்ததைக் கவனித்தேன். மற்றதையெல்லாம் கழுவினேன். அதை மட்டும் அப்படியே துண்டின் மேல் வைத்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. கை நீட்டி அடிக்கவில்லை, சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை. ஒரு கிளிப்பைக் கழுவவில்லை.

மனுஷ மனசு விசித்திரமானது. படகு நிற்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு மற்றதும் நின்றது. அடுப்பை மறுபடி மறந்தாள். பேசும்போது சொல் கிடைக்காமல் என் முகத்தைப் பார்ப்பாள், நான் எடுத்துக்கொடுப்பேன். கண்ணாடி முன்னால் நின்று, "உள்ளே அழுகிப்போச்சுக்கா" என்றாள். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று தலையைத் துவட்டிவிட்டேன். கிளினிக்கிலிருந்து போன் வந்தால் நான்தான் பேசுவேன். முன்னேற்றம் இல்லை என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை.

மாப்பிள்ளை வாராவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்தக் கடைசி முறை குழந்தை நடந்தே உள்ளே வந்தது. இவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"போதும்மா, வீட்டுக்கு வந்துடு" என்றார் அவர். "மறந்தா மறந்துட்டுப் போ. நான் பாத்துக்கறேன். அந்த மெஷினைத் தூக்கிப் போடு."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீ சொல்லு. போகட்டுமா?"

"உன் இஷ்டம்தான். ஒரு தடவை மாட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணேன்" என்றேன்.

அவர் முன்னாலேயே வகிடு எடுத்து, தேய்த்து, பசை வைத்து, மாட்டினேன். குழந்தை வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தது. எல்லோரும் பார்த்தோம். படகு அசையவே இல்லை. அவள் அவர் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா. பாப்பா உங்க அக்காகிட்டயே இருக்கட்டும். அம்மான்னு அவங்களையே கூப்பிடச் சொல்லுங்க." குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

அன்று இருவருக்கும் சரியாகச் சமைத்தேன். மிஞ்சவில்லை.

அடுத்த நாள் மதியம் கடைசி ஆளை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். தூக்கத்துக்குக் கொடுத்திருந்த மாத்திரை அட்டை காலியாகக் கிடந்தது. மூக்கருகில் விரல் வைத்தேன், மூச்சு இருந்தது. மெதுவாக, ஆனால் இருந்தது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை.

போன் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் ஆட்கள் வருவார்கள், எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. தண்ணீர் காய வைத்தேன். கிளிப்பை ஊறப் போட்டேன். பல நாள் பசை, கல்லாக இறுகியிருந்தது, சீக்கிரம் கரையவில்லை. தண்ணீரை மாற்றினேன். சுரண்டியிருந்தால் சட்டென்று வந்திருக்கும், பூச்சு கெட்டுவிடுமே என்று பொறுமையாகத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனதும் துண்டில் வரிசையாக வைத்துவிட்டு அவளிடம் வந்தேன். அப்போது விரலில் ஒன்றும் படவில்லை. பிறகுதான் போன் செய்தேன்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கும். படித்தவர், சரியாகத்தான் எழுதியிருப்பார்.

மாப்பிள்ளை அழவில்லை. துண்டைத் தொட்டுப் பார்த்தார். "இன்னைக்குப் பயிற்சி இல்லையே அக்கா, இது ஏன் ஈரமா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விதான் உங்களை இங்கே கொண்டுவந்திருக்கிறது. நான் அவரிடம் மறைக்கவில்லை, உங்களிடமும் மறைக்கவில்லை. கழுவாமல் விட்டது நான். கழுவுவதற்காக அவளைச் சாகவிட்டதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். மாப்பிள்ளை வேலைக்குப் போகிறவர். அவருடைய அக்காவுக்கு மூட்டுவலி, ஓடுகிற குழந்தையின் பின்னால் ஓட முடியாது. இதெல்லாம் முடிந்த பிறகு பாப்பாவை என்னிடம் விடச் சொல்லிப் பாருங்கள். தாயில்லாப் பிள்ளையை வளர்த்துப் பழகிய கை இது.