தாய்மாமன் சரி சொல்லணும்

— என் தங்கச்சி மக எலுபேயோட பிளாஸ்டிக் பேசினை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன் தம்பி. துணியெல்லாம் அதுலதான் கிடக்கு.

— வார்டுல கேளுங்க லாஸ்டன் பெரியவரே. இது ஆபரேஷன் ரூம்.

— கேட்டேன். அடக்கம் ஆச்சான்னு நர்ஸம்மா கேட்டாங்க. தாயும் பிள்ளையும் ஒரே குழியிலன்னேன். அப்புறம் காலு தானா உன்கிட்ட இழுத்துட்டு வந்துடுச்சு லிம்பானி.

— என்ன வேணும்?

— ஒரு வார்த்தை. இங்கேயே வயித்தை வெட்டிப் பிள்ளையை எடுத்திருந்தாலும் அவ பொழைச்சிருக்க மாட்டான்னு சொல்லு.

— சொல்ல மாட்டேன்.

— கல்லு மனசுடா உனக்கு.

— எனக்கா? டாக்டர் இல்லாத இந்த ஜில்லாவுல ஆபரேஷன் பண்ணன்னே சர்க்கார் படிக்க வெச்சு அனுப்பினவன் நான் ஒருத்தன். கையைக் கழுவிட்டுக் காத்துட்டு நின்னேன். அவ புருஷன் என் காலைப் பிடிச்சு அழுதான். அவன் சொல்லி என்ன? தாய்மாமன் சரின்னாதானே நம்ம ஊர்ல கத்தி வைக்கலாம். நீங்க என்ன சொன்னீங்க?

— டாக்டருக்குப் படிக்காதவன் எங்க பொண்ணைத் தொடக்கூடாதுன்னேன்.

— ஊசி போடுற பயன்னீங்க. வார்டே சிரிச்சுது.

— என் பக்கமும் கேளு தம்பி. ஊரு என்னைத்தானே கேக்கும்? அரைகுறைகிட்ட கொடுத்துக் கொன்னுட்டியேன்னு. அதான் சோள லாரியில ஏத்தினேன். ஷீரே ஆத்துப் பாலம் தாண்டறப்போகூட என் கையைப் பிடிச்சு, ‘மாமா, தண்ணி’ன்னா.

— அந்தக் குலுக்கல்ல கர்ப்பப்பை கிழிஞ்சிருக்கும்.

— பட்டணத்துலயும் அதான் சொன்னாங்க. ஆனா அங்க பெரிய டாக்டரே வெட்டினார் தம்பி. அதை நெனைச்சுத்தான் சோறு இறங்குது. என் கடமையைச் செஞ்சுட்டேன், நிஜ டாக்டர் கையிலதான் அவ உசுரு போச்சு.

— யாரு வெட்டினது?

— வயசானவர். நரைச்ச தாடி. இடது சுண்டுவிரல் பாதிதான் இருக்கு. வெளிய வந்து, தரையில என் பக்கத்துல உக்காந்து அழுதாரு. இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதான்னாரு.

— அவர் பேரு நியிரேண்டாவா?

— அதே பேருதான்! உனக்குத் தெரியுமா அவரை?

— நீங்க வீட்டுக்குப் போங்க பெரியவரே.

— ஏன் தம்பி மூஞ்சி இப்படி ஆயிடுச்சு? எதுவானாலும் சொல்லு.

— வேணாம்.

— அவளைப் புதைச்ச கையிது. இதுக்கு மேல என்ன இருக்கு? சொல்லுடா.

— அவரும் டாக்டருக்குப் படிக்கலை பெரியவரே. நான் படிச்ச அதே படிப்புதான். எனக்கு வயித்தை வெட்டக் கத்துக்கொடுத்தவரே அவர்தான்.