இலத்திரனுக்கு இரண்டு சுற்று

இலங்கையின் பதுளையில், இந்தியாவுக்கே குடிபோகிறவர்கள் விண்ணப்பப் பாரம் கொடுக்கும் வரிசை. எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து அப்பா ஒருவரும், பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகளும் நின்றார்கள்.

“இலத்திரன், அதான் எலக்ட்ரான், தன்னத்தானே ஒரு சுத்து சுத்துனா அதோட அலை தலைகீழா ஆயிரும்ப்பா. ரெண்டாவது சுத்துலதான் பழையபடி வரும்,” என்றாள் மகள்.

“கோயில ஒரு சுத்து சுத்துனா பொறப்பட்ட எடத்துக்கு வந்துர்றோம். ஒன் இலத்திரனுக்கு என்னம்மா கேடு?”

“எடத்துக்கு வந்துரும்ப்பா. ஆனா அதே மாதிரி இருக்காது.”

அப்பா கையிலிருந்த பாரத்தைப் பார்த்தார்.

“ஒங்க தாத்தா இந்தியாவுலயிருந்து இங்க வந்தாரு. இப்ப நாம திரும்பிப் போறோம். அதுவும் ஒரு சுத்துதான?”

“ஆமாப்பா. எனக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கு.”

அவர்கள் முறை வந்தது. குடும்பத்தில் எத்தனை பேர் போகிறீர்கள் என்று கிளாக்கர் கேட்டார்.

“நாலு பேருங்க,” என்றவர், மகளைப் பார்த்தார். “இல்லைங்கய்யா, மூணு. புள்ள இங்கயே படிக்கட்டும்.”