ஆளில்லாத கூடத்துக் காற்று

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, காலை முதல் எந்திரம் மிதித்த கால் வீக்கத்தோடு வந்திருக்கும் தாய்மாரே, தங்கையரே, அனைவருக்கும் வணக்கம்.

பின்னால் யாரோ "சத்தமாப் பேசுங்க" என்கிறார்கள். இருக்கிற குரல் இதுதான் ஐயா. மைக்கை வேண்டுமானால் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.

காற்றைக் கணக்கிடுவது என் தொழில். ஒரு கூடத்தைக் கணினிக்குள் கட்டி, பல லட்சம் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து, விசிறி சுழன்றால் ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எப்பக்கம் போகும், எவ்வளவு சூடாகும் என்று மென்பொருளைக் கொண்டு கண்டுபிடிப்பேன். குளிர்ந்த இடம் நீலம். கொதிக்கும் இடம் சிவப்பு.

சென்ற கோடையில் உங்கள் தையல் கூடத்தில் பெண்கள் மயங்குகிறார்கள் என்று நிர்வாகம் எனக்கு வரைபடம் அனுப்பியது. நான் நேரில் வந்தேனா? வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேனா? எழவில்லை. படத்தில் இருந்தபடி சுவர் கட்டினேன், சன்னல் திறந்தேன், பன்னிரண்டு விசிறிகளைச் சுழலவிட்டேன். திரை முழுதும் நீலம். 'காற்றோட்டம் போதுமானது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்தத் தாளை உங்கள் வாசலில் ஒட்டினார்கள். மூச்சு முட்டுகிறது என்று சொன்னவர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர் அதைக் காட்டினார். "காத்து நல்லாத்தான் இருக்கு. ஒழுங்கா சாப்பிட்டுட்டு வாங்க." மூன்றாம் வாரம், ஏழாம் வரிசையில் ஒரு தங்கை மயங்கி, எந்திரத்தின் விளிம்பில் நெற்றி மோதி விழுந்தாள்.

அடுத்த எந்திரத்தில் தைக்கும் அவளுடைய அக்கா என் அலுவலகம் தேடி வந்தார். திட்டவில்லை. "அந்தப் படத்தக் கொஞ்சம் காட்டுங்க மேடம்" என்றார். நெடுநேரம் பார்த்தார்.

"இதுல நாங்க எங்க இருக்கோம்?"

"ஆளுங்களப் போடலைங்க. வெறும் கூடம்தான்."

"துணி மூட்டை?"

"அதுவும் இல்லைங்க."

"சன்னல மறைச்சு மூட்டை அடுக்கி ரெண்டு வருஷம் ஆகுது. ஆளே இல்லாத எடத்துல காத்து நல்லாத்தான் மேடம் இருக்கும்."

அவையோரே, அந்த நீலப் படத்தை அப்போதே மூடினேன்.

மறுநாள் நண்பகல் வந்து ஏழாம் வரிசையில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் எனக்கே தலை சுற்றியது. நூற்று நாற்பது உடல்களின் சூடு, இஸ்திரிப் பெட்டிகளின் ஆவி, தோளுயர மூட்டைகள் என எல்லாவற்றையும் கணினிக்குள் ஏற்றினேன். நான்கு நாள் ஓடிய கணக்கு முடிந்தபோது ஏழாம் வரிசை செக்கச் சிவந்திருந்தது. நீங்கள் விட்ட மூச்சையே விசிறிகள் சுற்றிச் சுற்றி உங்கள் முகத்தில் வீசிக்கொண்டிருந்தன.

ஒட்டிய தாளை நானே கிழித்தேன். என் அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுத்தேன். "ஒங்க பேருதான் கெடும்" என்றார் முதலாளி. "கெடட்டுங்க" என்றேன். மூட்டைகள் நகர்ந்தன, சன்னல்கள் திறந்தன, நான்கு விசிறிகள் சூட்டை வெளியே தள்ளத் திரும்பின. இந்தக் கோடையில் ஒருவரும் விழவில்லை.

கை தட்டாதீர்கள். விழுந்த தங்கைக்கு ஊசியில் நூல் கோக்க இன்னும் பார்வை நிலைக்கவில்லை. அவள் வேலைக்குத் திரும்பவில்லை.

மூச்சு விடுவோரை விட்டுவிட்டுக் காற்றை அளக்கலாமா? உழைப்போரைப் பாராமல் கூடத்தை வரையலாமா? விழுந்தவளின் முகம் அறியாமல் விசிறியைப் புகழலாமா? அன்று முதல் ஒரு முழு நாள் உள்ளே உட்காராமல் எந்தக் கூடத்தையும் நான் கணக்கிடுவதில்லை. உடம்பு ஓய்ந்துதான் போகிறது. நாளை வேறொரு கூடம். கொதிகலன் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த அசதியோடு வீடு திரும்பும் நாளில்தான் என் கையெழுத்தை நானே நம்புகிறேன்.

களைத்த உடம்போடும் காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி. போய் ஓய்வெடுங்கள். வணக்கம்.