ஓடு என்றேனா, விடு என்றேனா

மேலே எழுதியுள்ள பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது நாற்பத்தொன்று. வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்த வழக்கில் விசாரிக்கப்படும் வெல்டர் என் கணவர். கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்தே சொல்கிறேன்.

என் கணவர் சென்ற வருடம் பழைய பாராமோட்டார் ஒன்று வாங்கினார். அதாவது, முதுகில் மாட்டும் மோட்டாரும் தலைக்கு மேல் விரியும் துணி இறக்கையும். வாங்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளவும். பயிற்சி முடியாததால், நீரேற்று நிலையத்தின் பின்பக்க மைதானத்தில் இறக்கையைத் தூக்கிப் பழக மட்டும் அங்குள்ள பொறியாளர் எழுத்தில் அனுமதி கொடுத்தார். கால் தரையை விட்டு எழும்பினால் வழக்கு வரும், அங்கே செய்யும் குழாய் வெல்டிங் வேலையும் போய்விடும் என்று சொல்லியிருந்தார். அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

சம்பவ தினம் காலை ஆறரை மணிக்கு இருவரும் சென்றோம். கம்பத்தில் நான் கட்டிய ரிப்பன் ஆடாமல் தொங்கியது. காற்று இல்லாவிட்டால் மனுஷன்தான் ஓடி இறக்கையை எழுப்ப வேண்டுமாம். அதன் பின்பு இறக்கையை அவருக்குப் பின்னால் பிறை வடிவில் விரித்து, கயிறுகளைச் சிக்கில்லாமல் பிரித்தேன். ஓடும்போது அவர் திரும்பிப் பார்க்க முடியாது என்பதால் பார்த்துச் சொல்வது என் வேலை. ‘ஓடு’ என்றால் ஓட வேண்டும். இறக்கை தலைக்கு மேல் வந்ததும் ‘விடு’ என்பேன், உடனே மோட்டாரை அணைத்து இறக்கையைக் கீழே விட்டுவிட வேண்டும், அதற்கு மேல் ஓடினால் அது ஆளைத் தூக்கிவிடும். கணவரை அப்படி ஒருமையில் சொல்ல எனக்கு வாய் வராது. மோட்டார் சத்தத்தில் ‘ங்க’ எல்லாம் சேர்த்தால் காதில் விழாது என்று அவரே சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

முதல் முறை இறக்கை பாதியில் சாய்ந்தது. இரண்டாம் முறை சுருண்டு அவர் மேலேயே விழுந்தது. சாக்கில் கட்டிய பூனை போல உள்ளே துள்ளினார், நான் சிரித்துவிட்டேன். "சிரிச்சது போதும், கயித்தப் பிரி" என்றார். அதன் பின்பு மூன்றாம் முறை அவர் ஓட, துணி புல்லை உரசிக்கொண்டு எழும்பி, காற்று நிரம்பி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அவர் தலைக்கு மேல் நின்றது. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. பதினெட்டு வருடமாகத் துணியோடு பிழைக்கிறேன். துணி தொங்கித்தான் பார்த்திருக்கிறேன், எழுந்து நின்று பார்த்ததில்லை. வெயில் அதன் வழியே வந்து அவர் தோளில் மஞ்சளாக விழுந்தது. நான் கத்தினேன், அவர் நிற்கவில்லை.

அதன் பின்பு அவர் கால்கள் தரையில் படாமலே கொஞ்ச தூரம் ஓடின. பம்ப் அறைக் கூரைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி, நாலு நிமிடத்தில் அதே மைதானத்தில் இறங்கினார். யாருக்கும் காயமில்லை, சேதமில்லை. நிலையத்துக் காவலாளி புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, அது அவர் வேலை. இறங்கியவரின் ஹெல்மெட்டை நான்தான் கழற்றினேன்.

நான் ‘விடு’ என்று கத்தியதாகவும், சத்தத்தில் தனக்கு ‘ஓடு’ என்று கேட்டதாகவும் என் கணவர் சொல்லியிருப்பதைப் படித்துக் காட்டினார்கள். காதில் தப்பாக விழுந்ததென்றால் எச்சரிக்கையோடு முடிந்துவிடும் என்றும் விசாரிக்கும் அய்யா சொன்னார். என் மேல் பழி வரக் கூடாது என்றுதான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை. விடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எழுந்து நின்ற அந்த இறக்கையைக் கீழே போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஓடு, ஓடு" என்றுதான் கத்தினேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)