ஐந்தாவது குழாய்

— இதுவும் சரியில்ல, குழாயம்மா. வேற ஒண்ணு போட்டுக் குடு.

— இது நாலாவது, அண்ணே. முடி தடிமன் குழாய்க்குள்ள சிலிக்காவ உறைய வைக்கறது என்ன, பாலுக்கு உறை ஊத்தற வேலையா? ஒரு குழாய்க்கு எட்டு நாள் ஆகுது.

— என்னவோ. உறைஞ்சது சுருங்கி, சுவர விட்டுப் பிரிஞ்சிருக்கும்.

— யாரு கிட்ட சொல்றீங்க? காஸ்டிக் சோடா ஓட்டி சுவர அரிச்சு, கழுவிக் கழுவி, அப்புறம்தான் கலவைய ஏத்தறேன். முந்நூத்து முப்பது டிகிரில சுட்டு எடுக்கற வரைக்கும் அடுப்ப விட்டு நகரல. வாங்க, மைக்ரோஸ்கோப்புல பாருங்க. துளி இடைவெளி இருக்கா?

— கண்ணுக்குத் தெரியாம இருக்கும்.

— சரி, ரத்தத்த என் குழாய் வழியா ஓட்டிப் பிரிச்சு உங்க மெஷின் வரைஞ்ச படத்தையே எடுங்க. கேட்டுக்கோங்க. சுவர விட்டுப் பிரிஞ்சிருந்தா, கோட்டுல எழும்பற இந்த முனை, பீக், அகலமா வழிஞ்சிருக்கும். இது ஊசி நட்ட மாதிரி நிக்குது. நாலு படத்துலயும் அதே நிமிஷம், அதே உயரம். குழாய் மேல பழி போடாதீங்க.

— நீ சொன்னா ஆச்சா?

— மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டாரு, உனக்கு கை நடுங்குதாமேன்னு. பதினோரு வருஷமா எனக்கு சோறு போடற கை, அண்ணே. நீங்கதானே போய்ச் சொன்னீங்க?

— நான்தான். தப்புதான்.

— என்ன கோவம் எம்மேல? இது யாரோட ரத்தம்? சீட்டுல பேரே இல்ல, உங்க கையெழுத்துல வெறும் நம்பர் இருக்கு.

— குதிகால்ல குத்தி எடுத்தது. ஒரே சொட்டு. சாதாரண குழாய்க்குப் பத்தாது, அதான் உன்கிட்ட வந்தேன்.

— பச்சக் குழந்தையா?

— அப்போ பதினேழு நாள். இப்போ ஏழு வாரம் ஆச்சு. நேத்துதான் முதல் தடவையா என்னைப் பாத்து சிரிச்சான்.

— உங்க பொண்ணோட குழந்தையா, அண்ணே?

— அந்த பீக் இருந்தா அந்த நோய்தானாம், அதுக்கு மருந்து கிடையாதாம். இருக்கற வரைக்கும் கொஞ்சிக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— பொண்ணுக்குத் தெரியுமா?

— தினமும் கேக்கறா, ரிசல்ட் வந்துச்சாப்பான்னு. குழாய் சரியா அமையல, வேற போடறாங்கம்மான்னு சொல்லிடறேன். அதக் கேட்டதும்தான் நிம்மதியா உக்காந்து பால் குடுக்கறா. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல, குழாயம்மா. முதல் படம் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். உன் குழாய்ல ஒரு குறையும் இல்ல.

— ரத்தம் இன்னும் மிச்சம் இருக்கா?

— இன்னும் ஒரு தடவைக்கு இருக்கு.

— அழாதீங்க. உக்காருங்க முதல்ல.

— அடுத்த வாரம் அவகிட்ட என்ன சொல்லப் போறேனோ.

— போன எடுத்து பொண்ணு நம்பரப் போடுங்க. நான் பேசறேன். குழாய் போடற அக்கா பேசறேன்மா, எனக்குக் கை நடுங்குது, நாலும் வீணாப் போச்சு, இன்னும் எட்டு நாள் ஆகும்னு நானே சொல்றேன்.